விலகுமிடம்



ஐந்து நிமிடம் தந்திருக்கிறீர்கள். ஸ்கொட்லாந்தின் வட கரையைச் சுற்றிவர எங்களுக்குப் பதினாறு நாள் எடுத்தது. இன்வெர்னஸில் தொடங்கி அங்கேயே முடியும் 516 மைல் பாதை. கரவன் எங்கள் வகுப்புத் தோழியுடையது. அதை இழுத்து ஓட்டியவர் அவளுடைய கணவர். அவர் காலமாகி இரண்டு வருடம். “இனி விற்கத்தான் வேணும்” என்றவளை நாங்கள் மூவரும்தான் கிளப்பினோம்.

அப்பிள்குரொஸ் கணவாய் 626 மீற்றர் உயரம். கரவனுக்கு உகந்ததல்ல என்று அடிவாரத்திலேயே பலகை. விட்டுவிட்டோம், அதில் வெட்கமில்லை.

டேர்னஸுக்குப் போகும் வழியில்தான் சோதனை. ஒற்றைத்தட வீதி, எதிரே செம்மறி ஏற்றிய லொறி, விலகுமிடமோ எங்களுக்குப் பின்னால். கரவனைப் பின்னுக்கு எடுப்பதென்றால், அது போகவேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ஸ்டியரிங்கைத் திருப்பவேண்டும். அவர் செய்ய இவள் பார்த்ததோடு சரி. நாங்கள் இறங்கி, வலைப்பந்தாட்டத்தில் கத்திய அதே குரலில் கத்தினோம். மூன்றாம் முறை சரிவந்தது. லொறிக்காரர் கையை உயர்த்திவிட்டுப் போனார். அவள் ஸ்டியரிங்கில் தலைவைத்து அழுதாள். பிறகு, “தேத்தண்ணி போடுங்கோடி” என்றாள். போட்டது டேர்னஸில்தான், விலகுமிடத்தில் தரித்து நிற்பது தவறு.

கரவனை விற்கவில்லை. எங்களில் ஒருத்திக்குப் பேரப்பிள்ளை பிறக்கப்போகிறது. வருகிற வைகாசிக்கு ஓர் இடம் காலி.