தலைக்கணக்கும் தலைவர் கணக்கும்

(ஜங்லிகாட்டில் தமிழர் குடும்பங்களின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அய்யா வழியைப் பின்பற்றுவோர் எத்தனை பேர்? இந்த ஒரு கேள்வியைத்தான் இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கிறோம். குமரியிலிருந்தும் நெல்லையிலிருந்தும் பிழைப்புத் தேடிக் கப்பலேறி வந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. நெற்றியில் நாமமிட்டு "அய்யா உண்டு" என்று சொல்லும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. ஆனால் எத்தனை பேர் என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு கணக்கு வருகிறது.

பற்றாளர்களைக் கேட்டால் பல லட்சம் என்பார்கள். கோடியைத் தொடும் என்பவர்களும் உண்டு. அரசாங்கத்தின் 2011 மக்கள்தொகைக் கணக்கைப் புரட்டினால், தமிழ்நாடு முழுவதிலும் "பிற மதங்கள்" என்ற தலைப்பின் கீழ் வந்தவர்கள் மொத்தம் 7,414 பேர். அய்யா வழி என்று எழுதியவர்கள் அந்த 7,414-க்குள்தான் அடக்கம். கோடி எங்கே, ஏழாயிரம் எங்கே? இரண்டில் எது பொய்?

அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம் தோழர்களே. முதலில் இந்த வழி எங்கே பிறந்தது என்று பார்ப்போம். 1809-இல் பிறந்து 1851-இல் மறைந்த வைகுண்டர் வாழ்ந்தது பழைய திருவிதாங்கூர் சீமையில். மேலாடை அணியப் பெண்களுக்கு உரிமை மறுக்கப்பட்ட காலம் அது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்ற மக்களைப் பார்த்து, அதை எடுத்துத் தலையில் கட்டு என்றார் அவர். எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் எடுக்கச் செய்தார். கூடி உண்ணச் செய்தார். சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் அவரைச் சிறையில் அடைத்தார்கள். இலண்டன் மிஷன் பாதிரிமாரோ, தங்கள் வேலைக்கு இந்த வழி தடையாக நிற்கிறது என்று அறிக்கைகளில் எழுதினார்கள். ஆக, இத்தனை பேர் சேர்ந்துவிட்டார்களே என்ற கவலை அன்றைக்கே அரண்மனைக்கும் இருந்தது, மிஷனுக்கும் இருந்தது.

இன்றுள்ள சர்ச்சை வேறு. இது தனி மதமா, இந்து சமயத்தின் ஒரு பிரிவா? தனி என்பவர்கள் பெரிய எண்ணைச் சொல்கிறார்கள். இல்லை என்பவர்கள் அரசாங்கத்தின் சின்ன எண்ணைக் காட்டுகிறார்கள். எண் இங்கே வாதத்துக்கு ஆயுதமாகிவிட்டது.

உண்மையில், சாமித்தோப்பில் உறுப்பினர் பதிவேடு என்று ஒன்று இல்லை. சந்தா இல்லை, ரசீது இல்லை. மாசி 20 அன்று நாகர்கோவிலிலிருந்து சாமித்தோப்புக்கு ஆயிரமாயிரமாக ஊர்வலம் போகிறார்கள். அவர்களில் நிழல் தாங்கலுக்குப் போகிறவர் உண்டு. அவரே முருகன் கோயிலுக்கும் போவது உண்டு. கணக்கெடுப்பவர் வந்து "மதம் என்ன?" என்றால், பலர் இந்து என்றே சொல்கிறார்கள். சிலரிடம் கேட்காமலேயே பேரைப் பார்த்து எழுதிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. 2011 படிவத்தில் ஆறு மதங்களுக்கு மட்டுமே குறியீட்டு எண் இருந்தது. மற்றவர்கள் பெயரைச் சொல்லி எழுதச் செய்ய வேண்டும். ஊர்வலத்தில் நடப்பவர்களை எண்ணினால் ஒரு தொகை, படிவத்தில் எழுதியவர்களை எண்ணினால் வேறொரு தொகை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமா?

இதனால் தலைவர்கள் சொல்வதையெல்லாம் நம்பிவிடலாம் என்று ஆகாது. வெளிநாட்டு உதாரணம் ஒன்று பாருங்கள். 1950-களில் அமெரிக்காவில் ரான் ஹப்பார்ட் என்பவர் தொடங்கிய சயன்டாலஜி என்ற இயக்கம், உலகெங்கும் தனக்குப் பல பத்து லட்சம் பேர் என்று சொல்லி வந்தது. 2011 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்துத் தங்களை அப்படி எழுதிக்கொண்டவர்கள் 2,418 பேர். ஆஸ்திரேலியாவில் 2016-இல் 1,681 பேர். அந்நாடுகளில் மதக் கேள்விக்குப் பதில் சொல்வது கட்டாயமில்லை. அதைக் கழித்துக்கொண்டு பார்த்தாலும் பல பத்து லட்சம் எங்கே? வகுப்புக்கு ஒரு நாள் வந்தவனையும் ஆயுள் உறுப்பினராக எண்ணினால் கணக்கு இப்படித்தான் ஊதும்.

இதற்கு நேர் எதிரான கதையும் நம் நாட்டிலேயே உண்டு. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் பௌத்தம் தழுவினார். அன்று அவரோடு சேர்ந்தவர்கள் மூன்று லட்சம் என்றார்கள், ஐந்து லட்சம் என்றார்கள், சண்டை ஓயவில்லை. ஆனால் 1951-இல் இந்தியாவில் 1,80,823 ஆக இருந்த பௌத்தர்கள், 1961-இல் 32,50,227 ஆனார்கள். அப்படி எழுதியதற்கு அந்த ஏழை மக்கள் விலையும் கொடுத்தார்கள். பௌத்தர் என்று பதிந்தால் மத்திய அரசின் பட்டியல் சாதிச் சலுகை போய்விடும். 1990-இல் சட்டம் திருத்தப்படும் வரை அதுதான் நிலைமை. மகன் படிப்புக்கும் வேலைக்கும் பயந்து எத்தனை பேர் இந்து என்றே எழுதியிருப்பார்கள்! அவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

ஆகவே தோழர்களே, யார் எந்த எண்ணைச் சொன்னாலும் நாம் மூன்று கேள்வி கேட்போம். எண்ணியது யார்? யாரை ஆள் என்று எண்ணினார்? அப்படிச் சொல்வதால் சொன்னவனுக்கு லாபமா, நட்டமா? லாபம் வரும் இடத்தில் எண் ஊதும். நட்டம் வரும் இடத்தில் எண் சுருங்கும்.

குறியீடு இல்லை என்பதால் ஒன்றும் செய்ய முடியாது என்றும் சொல்ல வேண்டாம். ஜார்க்கண்ட் பக்கத்து ஆதிவாசி மக்களின் சர்னா மதத்துக்கும் குறியீட்டு எண் கிடையாது. ஆனாலும் 2011-இல் 49,57,467 பேர் சர்னா என்றே எழுதவைத்தார்கள். ஊர் ஊராகப் போய்ச் சொன்னார்கள், எண் வந்தது. அய்யா வழிக்காரர்கள் தனி மதம் என்று உண்மையிலேயே நினைத்தால், மேடையில் கோடி என்று முழங்குவதைவிட வீட்டு வாசலில் ஒரு சொல் சொல்வது மேல். இந்து என்று நினைப்பவர் இந்து என்று சொல்லட்டும். அது அவரவர் மனசாட்சி. அதில் சங்கமும் தலையிடக் கூடாது, கணக்கெடுப்பவரும் தலையிடக் கூடாது.

இது நமக்கு ஏன் என்று சிலர் கேட்கலாம். 2011 கணக்கின்படி இந்தத் தீவுகளின் 3,80,581 மக்களில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 57,830 பேர். நம்மவர்கள் மேடையில் சொல்லும் எண் இதைவிடப் பெரியது. நம்மைப் பிடிக்காதவர்கள் சொல்லும் எண் சிறியது. அங்கே நடந்த கூத்துத்தான் இங்கேயும்! தமிழ் வகுப்பு வேண்டும், தமிழ் ஆசிரியர் வேண்டும் என்று மனு எழுதும்போது எடுபடப்போவது மேடை எண் அல்ல, படிவத்தில் ஏறிய எண்.

2027 மார்ச் 1-ஐ ஆதார நாளாகக் கொண்ட கணக்கெடுப்புக்கு 2025 ஜூன் 16 அன்று அரசாணை வந்தது. சாதியும் அதில் கேட்கப்படும் என்று சொல்லியிருக்கிறார்கள். பதில் சொல்லும்போது நாம் நினைவில் வைக்க வேண்டியவை சில. தாய்மொழி என்பது பள்ளிக்கூடத்து மொழி அல்ல. குழந்தைப் பருவத்தில் தாய் பேசிய மொழி. பிள்ளை இந்தி படிக்கிறான் என்பதற்காக அவன் தாய்மொழி இந்தி ஆகிவிடாது. மதம் என்ன என்று நீங்கள் சொன்னதைத்தான் எழுத வேண்டும். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தனிமனிதர் சொன்ன பதில் இரகசியம். அதை வேறொருவர் பார்வையிட முடியாது, வழக்கு மன்றத்தில் சாட்சியமாகவும் காட்ட முடியாது. ஆகவே பயம் வேண்டாம். படகில் போனவர், ஒப்பந்த வேலைக்கு வேறு தீவுக்குப் போனவர் விட்டுப் போகாமல் வீட்டிலிருக்கும் தாய்மார்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வழியின் பெருமை அதன் ஆள் தொகையில் இல்லை. துண்டைத் தலையில் கட்டச் சொன்னவரின் சொல், கேட்டவர்கள் ஏழாயிரமானாலும் எழுபது லட்சமானாலும் சரியான சொல்தான். ஆனால் உரிமை கேட்கும்போது எண் வேண்டும். அந்த எண் மெய்யாக இருக்க வேண்டும். ஊதிய எண்ணை எதிரி ஒரே கேள்வியில் உடைத்துவிடுவான். மெய்யான எண் சிறிதாக இருந்தாலும் நிற்கும். நம் தலையை நாமே எண்ணுவோம். ஒன்றுகூடக் கூட்டாமல், ஒன்றுகூடக் குறைக்காமல் எண்ணுவோம்.