அசதி வந்தால் மாத்திரையை நிறுத்தலாமா?



எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். பெயிண்ட் அடிக்கும் தொழிலாளி. மனநோய்க்கு மாத்திரை சாப்பிட்டார். காதில் கேட்ட குரல்கள் நின்றன. தூக்கம் வந்தது. ஆனால் உடம்பு தளர்ந்து போனது. எழுந்தால் தலை சுற்றியது. ஏணியில் ஏறப் பயந்தார்.

"படுத்தே கிடக்கிறாயே, சோம்பேறி!" என்றார் அவருடைய அம்மா.

அந்தச் சொல் அவரைச் சுட்டது. யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். சில நாள் சுறுசுறுப்பாக இருந்தார். பிறகு தூக்கம் போனது. குரல்கள் திரும்பி வந்தன.

அம்மா அழுதுகொண்டே அவரை மருத்துவரிடம் கூட்டிப்போனார். மருத்துவர் திட்டவில்லை. இரத்தம் சோதித்தார். இரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு இவற்றாலும் அசதி வரும் அல்லவா? பிறகு மருந்தின் அளவைக் குறைத்தார். இரவில் சாப்பிடச் சொன்னார். இன்று அண்ணன் வேலைக்குப் போகிறார்.

அது சோம்பல் இல்லை. மருந்தின் பக்கவிளைவு. அதற்கு வழி உண்டு.

படுக்கையிலிருந்து சட்டென்று எழாதீர்கள். முதலில் உட்காருங்கள். சற்றுப் பொறுத்து எழுந்திருங்கள். தலைசுற்றல் தீரும்வரை ஏணி ஏற வேண்டாம், வண்டி ஓட்ட வேண்டாம். மது கூடவே கூடாது. அது மயக்கத்தைக் கூட்டும். தினமும் கொஞ்ச தூரம் நடங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வேலை செய்யக் கூடாது. உப்பையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் இரத்தத்தில் மருந்து கூடிவிடும். வாந்தி, பேதி, தள்ளாட்டம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மனநோய் மாத்திரை சாப்பிடும் யாருக்காவது கடும் காய்ச்சல் வந்து, உடம்பு கட்டைபோல் விறைத்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். நம் ஊருக்கு ஜி.பி. பந்த் மருத்துவமனை இருக்கிறது.

சந்தேகமா? 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அது டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவும் பகலும் பேசலாம். கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம்.

நமக்கு இப்போது எழுதத் தெரியும். என்றைக்கு அசதி, எந்த நேரம், எந்த மாத்திரை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அதை மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டில் இருப்பவர்களே, "சோம்பேறி" என்று சொல்லாதீர்கள். "உடம்புக்கு எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள்.