கேட்ட கேள்வியும் கிடைத்த ஞாபகமும்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் மலர்க்குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



நூற்றாண்டு மலருக்கு ஞாபகங்களைச் சேகரிக்கும் பொறுப்பைச் சங்கம் எம்மிடம் ஒப்படைத்தபோது அதை இலகுவான வேலை என்றே நினைத்தோம். ஒரு வினாக்கொத்தைத் தயாரித்து, சங்கப் பதிவேட்டில் இருந்த முகவரிகளுக்கெல்லாம் அனுப்பினோம். முதலாவது கேள்வி இதுதான்: "பாடசாலை வாழ்வில் மறக்க முடியாத இனிய நிகழ்ச்சி எது?" பதில்கள் வந்து குவிந்தன. மெய்வல்லுநர் போட்டி, வாணி விழா, பரிசளிப்பு விழாவில் மேடையில் தடுக்கி விழுந்தது, விடுதியின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. வாசிக்க வாசிக்கச் சந்தோசமாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் அடுக்கி முடித்த பிறகு எங்களில் ஒருத்தி கேட்டாள்: "1995 எங்கே?"

ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த ஆண்டு அது. எம் குழுவில் மூவர் அந்த மழையில் பாடப் புத்தகங்களைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு நடந்தவர்கள். வந்திருந்த பதில்களில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பிள்ளைகள் மறந்துவிட்டார்களா? இல்லை. 'இனிய' என்று நாமே எழுதி வாசலை அடைத்திருந்தோம்.

அப்போதுதான் குழுவில் சமூகவியல் படித்த இருவர் ஹவார்ட் ஷூமன் என்ற அமெரிக்க அறிஞரை நினைவூட்டினார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர். மக்களிடம் கேள்வி கேட்பது எப்படி, கேட்கும் விதம் பதிலை எப்படி மாற்றுகிறது என்பவற்றையே ஆயுள் முழுவதும் ஆராய்ந்தவர்.

ஒரு உதாரணம். 1940இல் அமெரிக்காவில் ஒரு பரிசோதனை நடந்தது. ஜனநாயகத்துக்கு எதிரான பொதுப்பேச்சுகளை அனுமதிக்க வேண்டுமா என்று ஒரு பகுதியினரிடம் கேட்டார்கள். 62 வீதமானோர் அனுமதிக்கக்கூடாது என்றார்கள். இன்னொரு பகுதியினரிடம் அதே பேச்சுகளைத் தடைசெய்ய வேண்டுமா என்று கேட்டார்கள். 46 வீதமானோரே ஆம் என்றார்கள். அனுமதிக்காமல் விடுவதும் தடைசெய்வதும் ஒன்றுதானே? மனித மனத்துக்கு ஒன்றல்ல. ஷூமனும் ஸ்ரான்லி பிரெஸரும் இதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, 1981இல் வந்த தங்கள் நூலில் உறுதிப்படுத்தினார்கள். எங்கள் வீடுகளில் இது புதினமல்ல. "பிள்ளையைச் சுற்றுலாவுக்கு விடவோ?" என்று அம்மா கேட்டால் அப்பா வேண்டாம் என்பார். "அப்ப மறிக்கட்டோ?" என்றால், "சீச்சீ, ஏன் மறிக்கிறாய்?" என்பார்.

கேள்விகளின் வரிசையும் அப்படித்தான். 1948இல், சோவியத் நாட்டுப் பத்திரிகையாளர்களை அமெரிக்காவுக்குள் விட்டுச் செய்தி அனுப்ப அனுமதிக்கலாமா என்று முதலில் கேட்டபோது 36 வீதமானோர் ஆம் என்றார்கள். அமெரிக்கப் பத்திரிகையாளர்களை ரஷ்யாவுக்குள் விட வேண்டுமா என்று கேட்டுவிட்டு அதன் பின் இதைக் கேட்டபோது அது 73 வீதமாகியது. எங்களுக்கு ஒரு நியாயம், அவர்களுக்கு ஒரு நியாயமா என்ற கூச்சம்.

எமக்கு மிகவும் பிடித்தது ஷூமன் எமது பிராந்தியத்தில் செய்த வேலை. அறுபதுகளில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில், தொழிலாளரிடமும் விவசாயிகளிடமும் நடத்திய பெரிய ஆய்வொன்றில் அவர் ஒரு எளிய உபாயத்தைக் கையாண்டார். ஆம், இல்லை என்று பதில் சொல்லும் கேள்விகளில் சிலவற்றை ஆளுக்கு ஆள் எழுமாறாகத் தெரிவு செய்து, "அப்படி ஏன் சொன்னீர்கள், கொஞ்சம் விளக்குங்களேன்" என்று தொடர்ந்து கேட்கச் சொன்னார். கேட்டவர் நினைத்த கேள்வியும் பதில் சொன்னவர் விளங்கிய கேள்வியும் ஒன்றுதானா என்பது அப்போது தெரிந்துவிடும்.

நாமும் செய்து பார்த்தோம். "பாடசாலை உங்களுக்கு ஒழுக்கத்தைக் கற்றுத் தந்ததா?" என்பதற்கு எல்லோரும் ஆம் என்றே எழுதியிருந்தார்கள். மலரில் பெருமையாகப் போடலாம் என்றிருந்தோம். சிலரைத் தொலைபேசியில் அழைத்து விளக்கம் கேட்டோம். ஒருவருக்கு ஒழுக்கம் என்பது நேரந்தவறாமை. இன்னொருவருக்கு இரட்டைப் பின்னலும் றிபனும். ரொறன்ரோவில் இருந்து ஒருவர் சொன்னார்: "இண்டைக்கும் வேலையிடத்துக் கூட்டத்தில கை உயர்த்தி ஒரு கேள்வி கேக்க எனக்கு வராது. அதுதான் நான் படிச்ச ஒழுக்கம்." மூன்றும் 'ஆம்'தான்.

கேட்பவர் யார் என்பதும் சிறிய விடயமல்ல. டெற்றோயிற் நகரில் 1967இல் பெருங்கலவரம் நடந்தது. அடுத்த ஆண்டு அங்கே கறுப்பின மக்களிடம் நேர்காணல் செய்ய வெள்ளையரையும் கறுப்பரையும் அனுப்பினார்கள். வீட்டு நிலைமை போன்றவற்றில் பதில்கள் பெரிதாக வேறுபடவில்லை. வெள்ளையர்மீதான அவநம்பிக்கை பற்றிய கேள்விகளில் வேறுபட்டன. முகத்துக்கு நேரே யார்தான் சொல்வார்?

வயது முதிர்ந்த மாணவிகளைச் சந்திக்க நாங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை அனுப்பினோம். மரியாதை என்று நினைத்துச் செய்தது. ஒரு வீட்டில் அக்காவும் தங்கையும் இருந்தார்கள். அக்கா, "நானும் இங்கைதான் படிச்சு முடிச்சனான் ரீச்சர்" என்றார். சில வாரங்களின் பின் படம் வாங்கி வர உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி போனாள். அவளிடம் அதே அம்மா சொன்னார்: "எட்டாம் வகுப்போட நிப்பாட்டிப் போட்டினம் பிள்ளை. ஐயா செத்துப்போனார். நான் மூத்தவள். தங்கச்சி படிச்சாள்."

அந்த அக்காவின் பெயர் சங்கப் பதிவேட்டில் இல்லை, தங்கையின் பெயர் இருக்கிறது. 1936இல் லிற்றறறி டைஜெஸ்ற் என்ற அமெரிக்கச் சஞ்சிகை ஒரு கோடி வாக்குச்சீட்டுகளைத் தபாலில் அனுப்பி, ஜனாதிபதித் தேர்தலில் லண்டன் வெல்வார் என்றது (ஊர் அல்ல, அது வேட்பாளரின் பெயர்). றூஸ்வெல்ற் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். தொலைபேசிப் புத்தகத்திலும் கார்ப் பதிவிலும் இருந்த பெயர்களையே பெரிதும் நம்பியதும், திருப்பி அனுப்பியவர்களின் சீட்டுகளை மட்டும் எண்ணியதும் காரணம். எங்கள் பதிவேடும் கார் வைத்திருப்போர் பட்டியல் போன்றதுதான்.

1985இல் ஷூமனும் ஜக்குலின் ஸ்கொட்டும் அமெரிக்கர் 1,410 பேரிடம், கடந்த 50 ஆண்டுகளில் முக்கியமான நிகழ்வு எது என்று திறந்த கேள்வியாகக் கேட்டார்கள். இரண்டாம் உலகப் போரும் வியற்நாம் போரும் முன்னணியில் வந்தன. ஆனால் யார் எதைச் சொன்னார் என்பதில்தான் விசயம். பெரும்பாலும் தங்கள் பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் நடந்ததையே மக்கள் சொன்னார்கள். கார்ல் மன்ஹைம் தலைமுறைகள் பற்றி 1928இல் எழுதியதற்கு இதனால் ஒரு சான்று கிடைத்தது.

'இனிய' என்ற சொல்லை வெட்டிவிட்டு, "உங்கள் காலத்தில் நடந்தவற்றில் எது முக்கியம்?" என்று மட்டும் நாம் திரும்பக் கேட்டபோது, பதில்கள் வயதுவாரியாகப் பிரிந்தன. ஒருவர் 1974 தமிழாராய்ச்சி மாநாட்டை எழுதினார். அவருக்குச் சில ஆண்டுகள் இளையவர் 1981இல் நூலகம் எரிந்ததை எழுதினார். அடுத்தவர் ஜாம் போத்தல் விளக்கில் சாதாரண தரத்துக்குப் படித்ததை எழுதினார். இளையவர்களில் ஒருத்தி சுனாமியை எழுதினாள். ஒரே மண்டபத்தில் பிரார்த்தனை சொன்ன நாம், ஒருவருக்கொருவர் இவற்றைச் சொல்லிக்கொண்டதில்லை.

இருந்தும் அந்த ஆய்வின் முடிவு எம்மிடம் முழுதாகப் பொருந்தியது என்று சொல்லமாட்டோம். 1995இல் நாற்பது வயதைத் தாண்டியிருந்த தாய்மாரும் தங்கள் இளமைக்காலத்தை விட்டுவிட்டு அந்த இரவையே எழுதியிருந்தார்கள். கைக்குழந்தையோடு நடந்தவளுக்கு அதுவே எல்லாம்.

புதிய பதில்களை ஒரு சொல்லும் திருத்தாமல், பேச்சுத் தமிழில் வந்ததைப் பேச்சுத் தமிழிலேயே மலரில் சேர்த்திருக்கிறோம். சில பக்கங்கள் சங்கடமானவை. ஒழுக்கம் பற்றிய மூன்று 'ஆம்'களும் அங்கே இருக்கின்றன. எட்டாம் வகுப்போடு நின்ற அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டோம். "பேர் போடாதேங்கோ, ஆனா எழுதுங்கோ" என்றார்.

இடையில் நின்றவர்கள், இடம்பெயர்ந்து வேறு பாடசாலையில் முடித்தவர்கள், ஒரே ஒரு தவணை மட்டும் படித்தவர்கள் ஆகியோரின் பெயர்களுக்கு மண்டப வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். உங்கள் வகுப்பில் பக்கத்தில் இருந்து, பிறகு வராமல் போனவளின் பெயர் நினைவிருந்தால், தேநீருக்குப் போகும் வழியில் எழுதிவிட்டுப் போங்கள். முழுப்பெயர் தெரியாவிட்டால் கூப்பிட்ட பெயர் போதும்.