ஒரு மூட்டை அரிசிக்கு வேலைக்குப் போன ஏழு வயசுப் பெண்



ஜப்பான் சினிமா என்றதும் குரோசாவா பற்றித்தான் பேசப்போறேன்னு நினைச்சிருப்பீங்க. அவர் நமக்கு நெருக்கமானவர்தான். 1950இல் 'ரஷோமோன்' வந்தது; அதன் தாக்கத்தோடு எஸ். பாலச்சந்தர் 1954இல் ஒரு பாட்டுகூட இல்லாமல் 'அந்த நாள்' எடுத்தார். ஆனால் இன்னிக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரு டிவி சீரியல். சீரியல் என்றாலே நம்ம கூட்டங்களில் ஒரு இளக்காரம் இருக்கு, அது அம்மாக்கள் பார்க்கிற விஷயம் என்று. அதனாலேயே அதைப் பேசணும்.

'ஓஷின்'. என்ஹெச்கே 1983 ஏப்ரலிலிருந்து ஒரு வருஷம் தினமும் காலையில் ஒளிபரப்பியது. ஒவ்வொன்றும் 15 நிமிடம், மொத்தம் 297 பகுதிகள். எழுதியவர் ஹஷிதா சுகாகோ என்ற பெண். யமகாதா மலைப்பகுதியில் ஒரு குத்தகை விவசாயியின் மகள், ஏழு வயசு, ஒரு மூட்டை அரிசிக்கு ஒரு வருஷம் வேலைக்காரியாக அனுப்பப்படுகிறாள். தெப்பத்தில் ஏற்றி அனுப்பும்போது அப்பா கரையில் நிற்கிற காட்சியைப் பார்த்து அழாதவர் குறைவு.

ஜப்பானில் பார்வையாளர் விகிதம் சராசரியாக 52 சதவீதத்தைத் தாண்டியது. பிறகு அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது. நமக்கு எதிர்க்கரையில், ஈரானில், 1989இல் ஒரு பெண் ரேடியோவில் தன் முன்மாதிரி ஓஷின்தான் என்று சொன்னது கொமேனி வரைக்கும் போய், ரேடியோக்காரர்களுக்குத் தண்டனையாக முடிந்தது. இலங்கையில் ரூபவாஹினியில் ஓடியது. அந்த ரூபவாஹினியே 1982இல் ஜப்பானிய அரசின் உதவியில் தொடங்கப்பட்டது.

இங்கே கொஞ்சம் நிதானிச்சுப் பாருங்க. 1980களில் இலங்கையிலிருந்து எந்தப் பெண்கள் எங்கே போய்க்கொண்டிருந்தார்கள்? வளைகுடா வீடுகளின் சமையலறைக்கு. பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு, இரண்டு வருஷ ஒப்பந்தத்தில். ஓஷினின் அரிசி மூட்டைக்குப் பதில் இங்கே மாதச் சம்பளமும் ஏஜென்ட் கடனும். வீட்டில் இருப்பவர்கள் ஓஷினுக்காக அழுதார்கள். வீட்டை விட்டுப் போனவள் இன்னொருவர் வீட்டில் ஓஷினாக இருந்தாள்.

அந்தத் தொடர் எப்படி நினைவில் நின்றது என்பதுதான் என் பிரச்சினை. "பொறுத்தாள், உயர்ந்தாள்." பல நாடுகளில் ஓஷின் என்ற பெயரே பொறுமைக்கு இன்னொரு சொல்லாகிவிட்டது. நம்ம வீடுகளிலும் அதே வாய்ப்பாடுதானே? "அப்பா ஒரு ரூமில் எட்டுப் பேரோடு படுத்தார், உன்னைப் படிக்க வைத்தார்." அது பொய் இல்லை. நான் படிப்பதும் அந்தக் காசில்தான். ஆனால் அந்த வாக்கியத்தில் ரூமின் சொந்தக்காரர் இல்லை, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டவர் இல்லை, கபாலா இல்லை. கஷ்டம் மட்டும் இருக்கு, கஷ்டம் கொடுத்தவர் யாரும் இல்லை.

ஹஷிதா அப்படி எழுதவில்லை. முதல் வேலையிலிருந்து ஓஷின் ஓடிப்போகிறாள், பொறுக்கவில்லை. பனியில் விழுந்தவளைக் காப்பாற்றுபவன் ரஷ்யப் போரிலிருந்து தப்பி ஓடிய சிப்பாய்; அவளுக்கு எழுத்தும் போர் வெறுப்பும் சொல்லிக் கொடுக்கிறான்; அவனை ராணுவப் போலீஸ் சுட்டுக் கொல்கிறது. அவள் நேசிக்கும் கோட்டா, குத்தகை விவசாயிகளைச் சங்கமாகச் சேர்ப்பவன். சிறையில் சித்திரவதையில் உடைந்துபோகிறான். அவள் கணவன் ராணுவத்துக்குச் சரக்கு சப்ளை செய்து பணக்காரனாகிறான், தோல்விக்குப் பிறகு தற்கொலை செய்கிறான். மூத்த மகன் போரில் சாகிறான். கடைசியில் மகனின் சூப்பர்மார்க்கெட் புதுக் கிளை திறக்கிற நாளில் கிழவி ஓஷின் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறாள், எங்கே தவறினோம் என்று தேடி. தொடரே அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. உலகம் அந்த ஏழு வயசுப் பிள்ளையின் கண்ணீரை வைத்துக்கொண்டது, கிழவியின் கேள்வியை விட்டுவிட்டது.

அதனால் 'ஓஷின்' பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்க்கச் சொல்வேன்: 'கனிகோசென்', நண்டுக் கப்பல். கோபயாஷி தகிஜி 1929இல் எழுதிய நாவல். 1953இல் யமமுரா சோ, 2009இல் சாபு படமாக்கினார்கள். கம்சாட்கா கடலில் நண்டைப் பிடித்து அங்கேயே டின்னில் அடைக்கும் கப்பல். அது தொழிற்சாலை என்பதால் கப்பல் சட்டம் செல்லாது, கப்பல் போல மிதப்பதால் தொழிற்சாலைச் சட்டமும் செல்லாது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். கடற்படை தங்களைக் காக்க வருகிறது என்று நம்புகிறார்கள். அது வந்து தலைவர்களைப் பிடித்துப் போகிறது. மறுபடி நிறுத்துகிறார்கள். கோபயாஷியை 1933 பிப்ரவரியில் போலீஸ் அடித்தே கொன்றது. அவருக்கு வயசு 29. 2008இல் நிரந்தர வேலை இல்லாத ஜப்பானிய இளைஞர்கள் அந்த நாவலைத் திரும்ப வாங்கிப் படிக்க, பல லட்சம் பிரதிகள் விற்றன.

நான் புஜைராவில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் ஊர்க் கடலில் எண்ணெய் நிரப்பக் காத்திருக்கும் கப்பல்களை ராத்திரியில் பார்த்தால் இன்னொரு ஊர் மாதிரி விளக்குகள். முதலாளி ஒரு நாடு, கொடி ஒரு நாடு, மாலுமி ஒரு நாடு. இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால் அந்த மாலுமி 'கைவிடப்பட்டவர்' என்று சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. ஆனால் 'எம்டி ஈபா' கப்பலின் ஆட்கள் 2017இலிருந்து சிக்கிக் கிடந்து, 2021 ஜனவரியில் கப்பலோடு உம்முல் குவைன் கரையில் ஒதுங்கினார்கள். நண்டுக் கப்பல் பழங்கதை இல்லை.

அமீரகத்தில் சங்கத்துக்கும் வேலைநிறுத்தத்துக்கும் சட்டத்தில் இடம் கிடையாது. அங்கே இருப்பவர்களைப் பார்த்து "ஏன் போராடவில்லை" என்று லண்டனிலும் டொரண்டோவிலும் உட்கார்ந்து கேட்பது சுலபம். அதை விட்டுட்டு, நம்மால் முடிந்த ஒரு வேலையைச் செய்வோம். 'ஓஷின்' சில பகுதிகள், அடுத்து 'கனிகோசென்', வீட்டில் பெரியவங்களோடு சேர்ந்து பாருங்க. முடிந்ததும் "எவ்வளவு கஷ்டப்பட்டீங்க" என்று கேட்காதீங்க. அதற்கான பதில் அவங்களிடம் ஏற்கெனவே தயாராக இருக்கும். ஏஜென்டுக்கு எவ்வளவு கொடுத்தீங்க, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது, கையில் எவ்வளவு வந்தது, பாஸ்போர்ட் யாரிடம் இருந்தது, யாராவது எதிர்த்துப் பேசினாங்களா, அவங்களுக்கு என்ன ஆச்சு என்று கேளுங்க. சம்மதித்தால் மட்டும் எழுதி வைங்க, பெயர் வேண்டாம். இன்னும் அங்கே வேலை பார்ப்பவர் என்றால் ஊரும் கம்பெனியும்கூட வேண்டாம்.

அடுத்த கூட்டத்தில் அந்தக் கணக்குகளை ஒன்றாக வைத்துப் பார்ப்போம். இப்போ உங்க கேள்விகளுக்கு வரலாம்.