ரூஸ்வெல்ட் வானொலியில் பேசிய இரவு



பொருளாதார நெருக்கடிகளை அரசாங்கங்கள் எப்படிச் சமாளித்தன என்று இந்தத் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் பேசச் சொன்னார்கள். நாம் வாழும் இந்த அமெரிக்காவில் நடந்த ஒரே ஒரு வாரத்தைத்தான் சொல்லப்போகிறேன். 1933, மார்ச்.

அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் இங்கே ஆயிரக்கணக்கான வங்கிகள் கவிழ்ந்திருந்தன. நாலு பேரில் ஒருவருக்கு வேலையில்லை. மிச்சமிருந்த வங்கிகளின் வாசலில், போட்ட பணத்தை எடுக்க நீண்ட வரிசை. சென்னையில் திவாலான அர்பத்நாட் வங்கி என்ற பெயரை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டவர்களுக்கு அந்த வரிசையின் வயிற்றெரிச்சலை நான் விளக்க வேண்டியதில்லை.

மார்ச் 4-ஆம் தேதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அதிபராகப் பதவியேற்றார். 6-ஆம் தேதி நாடு முழுக்க வங்கிகளுக்கு விடுமுறை விட்டார். 9-ஆம் தேதி ஒரே நாளில் அவசரச் சட்டம் நிறைவேறியது. கணக்குகளைச் சரிபார்த்து, நல்ல நிலையில் உள்ள வங்கிகளை மட்டும் படிப்படியாகத் திறப்பது என்று முடிவானது.

இதோடு விட்டிருந்தால் மறுபடியும் அதே வரிசைதான் நின்றிருக்கும். 12-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு, அவர் வானொலியில் பேசினார். கால் மணி நேரம்கூட இல்லை. நீங்கள் போடும் பணத்தை வங்கி பெட்டியில் பூட்டி வைப்பதில்லை, கடனாகவும் முதலீடாகவும் வெளியே விடுகிறது, எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்பிக் கேட்டால் எந்த வங்கியாலும் தர முடியாது என்று எளிய பேச்சில் சொன்னார். எந்த ஊர் வங்கி எந்த நாள் திறக்கும் என்றும் சொன்னார். எல்லா வங்கிகளும் திறக்கும், யாருக்கும் ஒரு காசு நஷ்டம் வராது என்று மட்டும் அவர் வாக்குக் கொடுக்கவில்லை. நான் மிகவும் மதிப்பது அதைத்தான்.

நகைச்சுவையாளர் வில் ரோஜர்ஸ், இந்தப் பேச்சு வங்கிக்காரர்களுக்கே புரிந்துவிட்டது என்று பாராட்டினார். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஆனால் மறுநாள் வங்கிகள் திறந்தபோது ஜனங்கள் பணத்தைத் திரும்பப் போட வந்தார்கள். மாதம் முடிவதற்குள், பதுக்கிய பணத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. பேச்சோடும் நிற்கவில்லை. 1934 ஜனவரியில் 2,500 டாலர் வரை டெபாசிட் காப்பீடு வந்தது. இன்று அது 2,50,000. இந்தியாவிலும் 1960-இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி மூழ்கிய பிறகு, 1962-இல் அதே ஏற்பாடு வந்தது. வேலையில்லாத் திண்டாட்டம் உடனே தீர்ந்துவிடவில்லை, அது அந்தப் பத்தாண்டு முழுக்க இருந்தது. மக்களைப் பிடித்திருந்த பீதி மட்டும் அந்த வாரத்தில் அடங்கியது.

உள்ளதை உள்ளபடி சொன்னால் பீதி அடங்கும் என்பது வீட்டுக்கும் பொருந்தும். பெற்றோர்களே, இனி உங்களிடம்தான் பேசுகிறேன். ஆபீசில் ஆள்குறைப்பு என்றால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? பிள்ளை தூங்கிய பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறோம். எச்1பி விசாவில் இருப்பவர்களுக்கு, வேலை போனால் 60 நாள் கெடு வேறு. பிள்ளைக்கு ஏதோ சரியில்லை என்று தெரியும், என்னவென்றுதான் தெரியாது. நாம் அவர்களிடம் பேசும் தமிழ் சாப்பிட்டாயா, குளித்தாயா, ஷூவைக் கழற்று என்பதோடு முடிந்துவிடுகிறது. வீட்டின் பெரிய விஷயம் எதுவும் தமிழில் காதில் விழாத பிள்ளை, பத்து வயதுக்குமேல் தமிழை எதற்கு வைத்துக்கொள்ளும்?

பக்கத்தில் உட்கார வைத்துத் தமிழில் சொல்லுங்கள். அப்பாவுக்கு வேலை போகலாம், கையிலிருப்பது இத்தனை மாதம் தாங்கும், இந்தக் கோடையில் ஊருக்குப் போக முடியாது என்று உள்ளதைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். அவர்கள் அரைகுறைத் தமிழில் திருப்பிக் கேட்டால், தயவுசெய்து இலக்கணம் திருத்தாதீர்கள். கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

தமிழ்ப் பள்ளி ஒருங்கிணைப்பாளர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வரும் பருவத்தில் மூத்த வகுப்புக்கு வீட்டு வரவுசெலவு எழுதும் பாடம் ஒன்று வையுங்கள். ஆசிரியர் கிடைக்காவிட்டால் நானே வருகிறேன். பெற்றோரும் கூடவே வந்து உட்கார வேண்டும்.