சுடுதண்ணி சுகம்தான், சூதானமும் வேணும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரை படித்தவள். கரண்ட்டைப் பத்திப் பேச இவளுக்கு என்ன தெரியும்னு நினைக்கலாம். ஆனா விடியக்காலம் எந்திரிச்சு பிள்ளைகளுக்கும் மாமனார் மாமியாருக்கும் தண்ணி காய வைக்கிறது யாரு? நாமதானே? அப்போ ஆபத்துக்குப் பக்கத்துல நிக்கிறதும் நாமதான். அதனால நாமதான் இதைப் பேசணும்.

போன மார்கழியில் எங்கள் தெருவில் நடந்தது இது. எங்கள் குழுவில் உள்ள ஒரு தங்கச்சி, ஹீட்டர் கம்பி ஓடிக்கிட்டு இருக்கும்போதே தண்ணி காஞ்சிருச்சான்னு வாளியில் கைவிட்டுப் பார்த்தது. கரண்ட் பிடிச்சிருச்சு. சத்தம் கேட்டு வந்த மாமியார் மருமகளைத் தொடவில்லை. நேரே ஓடி மெயின் சுவிட்சை இறக்கினாங்க. அந்த ஒரு யோசனைதான் ரெண்டு உயிரைக் காப்பாத்துச்சு. பதட்டத்தில் தொட்டிருந்தால் ரெண்டு பேரையும் சேர்த்துப் பிடிச்சிருக்கும். உங்கள் வீட்டு மெயின் சுவிட்ச் எங்கே இருக்குன்னு வீட்டில் எல்லாருக்கும் தெரியுமா? இன்றைக்குப் போனதும் காட்டிக் கொடுங்க.

ஹீட்டர் கம்பி வைத்திருப்பவர்களுக்கு முதலில் சொல்கிறேன். கம்பியில் கோடு போட்ட அளவுக்குத் தண்ணி ஊத்தி, கம்பியை உள்ளே வைத்த பிறகுதான் சுவிட்ச் போடணும். சில்வர் வாளி, அலுமினிய அண்டா வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் வாளியிலும் கம்பி பக்கத்தில் படாமல், குறுக்கே காய்ந்த கட்டை வைத்துத் தொங்க விடணும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தண்ணியில் கை வைக்கணும். ஈரக் கையோடு பிளக்கைத் தொடக் கூடாது. சின்னப் பிள்ளைகள் போய்வரும் இடத்தில் வாளியை வைக்காதீங்க.

அடுத்தது கீசர். 15 லிட்டர் கீசர் பெரும்பாலும் 2000 வாட். அது ஓடும்போது 9 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். லைட்டு, ஃபேனுக்குப் போட்ட 6 ஆம்பியர் பிளக்கில் சொருகினால் பிளக்கு உருகும், வயர் சூடாகும். 16 ஆம்பியர் பிளக்கு, மெயின் போர்டிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர், தனி ட்ரிப்பர், இந்த மூணும் வேணும்.

எர்த்து ரொம்ப முக்கியம். பிளக்கில் மூணாவது ஓட்டை இருக்கும், பின்னால் வயரே இருக்காது. பல வீட்டில் இதுதான் நிலைமை. எர்த்துக் குழியிலிருந்து வயர் வருதான்னு எலக்ட்ரீசியனை விட்டுச் சோதிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. அதோட 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று மாட்டணும். கரண்ட் கசிஞ்சு உடம்பு வழியா போனா, கண் இமைக்கிற நேரத்தில் அது லைனைத் துண்டிச்சிரும். அதில் டெஸ்ட்டுன்னு ஒரு பட்டன் இருக்கும். மாசம் ஒருதரம் அமுக்கிப் பாருங்க. விழுந்தால் நல்லா இருக்கு. விழலேன்னா மாத்தணும்.

15 லிட்டர் தண்ணியே 15 கிலோ. டேங்கு எடையும் சேரும். அதனால பலமான சுவரில்தான் மாட்டணும், மண் சுவர் தாங்காது. சுவிட்ச் தண்ணி தெறிக்காத இடத்தில், முடிந்தால் பாத்ரூமுக்கு வெளியே இருக்கட்டும். முதல் தடவை சுடுதண்ணிக் குழாயைத் திறந்து, தண்ணி கொட்டின பிறகுதான் சுவிட்ச் போடணும். மேல் டேங்கில் தண்ணி இல்லாத அன்றைக்குக் கீசரைத் தொடாதீங்க.

கீசருக்கு அடியில் ஒரு வால்வு இருக்கும். சூடாகும்போது அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணி வரலாம். ஒழுகுதேன்னு அதை அடைச்சிராதீங்க. அழுத்தம் ஏறினால் வெளியே விடுறது அதுதான். அடைத்தால் டேங்கே வெடிக்கும்.

நம்ம போர் தண்ணி உப்பு. உள்ளே மெக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும், அரிப்பை டேங்குக்குப் பதிலாக அது தாங்கிக்கொள்ளும். அது கரைஞ்சு போனால் டேங்கு ஓட்டை விழும். வருஷம் ஒருதரம் ஆள் வைத்துக் கழற்றிப் பார்த்து, உப்புப் படிவையும் சுத்தம் செய்யச் சொல்லுங்க. தண்ணி காய வழக்கத்தை விட நேரமானால் உப்பு படிஞ்சிருக்குன்னு அர்த்தம்.

கேஸ் கீசர் மலிவுன்னு சில பேர் அடைச்ச பாத்ரூமுக்குள்ளேயே மாட்டுறாங்க. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. குளிக்கப் போனவங்க மயங்கி அப்படியே போயிருவாங்க. அதைக் காத்தோட்டமான வெளியிடத்தில்தான் வைக்கணும்.

கணக்கும் பாருங்க. 2000 வாட் கீசர் தினம் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். ரெண்டு மாசத்துக்கு 120 யூனிட்.  அதனால அரை மணி நேரத்தில் அணைச்சிட்டு, எல்லாரும் அடுத்தடுத்துக் குளிச்சிருங்க. அணைத்த பிறகு குளிப்பது உயிருக்கும் நல்லது.

கடைசியாக ஒரு கோரிக்கை. குழுவில் கீசருக்கு உள்கடன் கேட்டால், கீசர் விலையை மட்டும் கொடுக்கிறோம். வயர், எர்த்து, ஆர்.சி.சி.பி. செலவுக்குக் காசு இல்லாமல் பழைய பிளக்கிலேயே சொருகிடுறாங்க. இனிமேல் அந்தச் செலவையும் சேர்த்தே கடன் கொடுக்கணும், வேலை முடிந்ததை ரெண்டு உறுப்பினர் நேரில் பார்க்கணும்னு தீர்மானப் புத்தகத்தில் எழுதும்படி கூட்டமைப்பைக் கேட்டுக்கொள்கிறேன். கடனைத் தவணையில் அடைச்சிரலாம். போன உயிரை எந்தத் தவணையிலும் மீட்க முடியாது.