‘நைஸ்’ சொல்லும் கதை
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



‘நைஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை அறியாதவர் நம்மில் யார்? கிள்ளானில் மிளகாய்த்தூள் மில்லுக்குப் போனால், “நல்லா நைஸா அரைச்சுக் கொடுங்க” என்கிறோம். பிரிக்பீல்ட்ஸ் கடையில் சேலையைத் தடவிப் பார்த்து, “நைஸா இருக்கு” என்கிறோம். வேலையிலிருந்து நழுவியவனை, “நைஸா கம்பி நீட்டிட்டான்” என்கிறோம்.

அச்சொல் பிறந்த கதையைக் கேட்டால் வியப்பீர்கள். இலத்தீன் மொழியில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் ‘அறியாதவன்’ என்று பொருள். அது பிரெஞ்சு வழியாக 1300ஆம் ஆண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. அன்று ஒருவனை ‘நைஸ்’ என்றால், ‘மடையன்’ என்று திட்டுவதாகும்! பிறகு, எதிலும் குறை காணும் நுணுக்கக்காரனைக் குறித்தது. அதிலிருந்து ‘நுட்பமான’, ‘துல்லியமான’ என்ற பொருள்கள் பிறந்தன. 1700களின் பிற்பகுதியில்தான் ‘இனிமையான’ என்ற இன்றைய பொருள் பரவியது. ‘அறிதல்’ என்ற அதே இலத்தீன் வேரிலிருந்துதான் ‘சயன்ஸ்’ என்ற சொல்லும் வந்தது என்பதை மாணவர்கள் நினைவில் வையுங்கள்.

ஏறிய சொல்லும் உண்டு. இறக்கப்பட்ட சொல்லும் உண்டு. ‘கூலி’ என்றால் உழைப்புக்குக் கிடைக்கும் பலன். வள்ளுவரே 619ஆம் குறளில் அப்பொருளில்தான் ஆண்டார். துரைமார் காலத்தில் அதே ஒலி, உழைப்பாளியையே இழிவாக அழைக்கும் பெயராயிற்று. குற்றம் சொல்லில் இல்லை, வழங்கிய வாயில்தான்.

பெற்றோர்களே, இதை ஏன் சொல்கிறேன்? கணக்கு வராத பிள்ளைக்கு ‘மக்கு’ என்று பேர் வைக்கிறோம். வீட்டிலும் அச்சொல் விழுகிறது, வகுப்பிலும் விழுகிறது. நாளாவட்டத்தில் பிள்ளையே அதை நம்பிவிடுகிறது. ‘அறியாதவன்’ என்று தொடங்கிய சொல் நல்ல பெயர் எடுக்க ஏறத்தாழ 500 ஆண்டுகள் ஆயின. நம் பிள்ளைக்கு அவ்வளவு வேண்டாம். ஒன்றாம் ஆண்டில் எழுத்துக் கூட்டத் திணறிய பிள்ளை, ஆறாம் ஆண்டில் அப்பாவுக்குப் பத்திரிகை படித்துக் காட்டும். அதுவரை நமக்குப் பொறுமை வேண்டும்.

இன்று பரிசு வாங்காத பிள்ளையும் உங்களோடுதான் வீடு திரும்பும். இரவு சாப்பாடு முடிந்ததும், “ஒரு பக்கம் வாசி, கண்ணு” என்று பக்கத்தில் உட்காருங்கள். படிக்கத் தெரியாதவரும் உட்காரலாம். கேட்பதற்குக் காது போதும்.